துண்டுக்கடியில் ஒரு விலை, திரையில் ஒரு விலை

போன மாசம் மஞ்சள் வேகவைக்கறதைப் பத்தி எழுதியிருந்தேன். படிச்சவங்கள்ல நாலஞ்சு பேர் ஒரே மாதிரி கேட்டிருந்தாங்க: "இத்தனை பாடுபட்டு எடுக்கற மஞ்சளுக்கு விலை வைக்கறது யாருங்க?" நல்ல கேள்வி. ஒரு வரியில பதில் சொல்ல முடியாத கேள்வி. இப்போ பதினஞ்சு நாளா சென்னையில தரமணியில மக வீட்டுல இருக்கேன். காட்டு வேலை இல்லை, சாயங்காலம் நடக்கறதைத் தவிர வேற வேலையும் இல்லை. அதனால கொஞ்சம் நீட்டியே எழுதறேன்.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. ஒரே மஞ்சளுக்கு ஒரே நாள்ல ரெண்டு விலை உண்டு. ஒண்ணு ஈரோட்டு ஏலத்துல விழற விலை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துல, சொசைட்டியில, மண்டியில மூட்டையைப் பிரிச்சு மாதிரி வச்சிருப்போம். வியாபாரிங்க ஒவ்வொரு குவியலா வந்து கையில அள்ளிப் பார்ப்பாங்க, விரலியை ஒடிச்சு உள்ளே நிறம் பார்ப்பாங்க, அப்புறம் சீட்டுல விலை எழுதிப் போடுவாங்க. எது அதிகமோ அது அன்னைக்கு நம்ம விலை. இன்னொண்ணு திரையில ஓடற விலை. அதுல இன்னைக்கு மஞ்சள் இல்லை. ரெண்டு மாசம், நாலு மாசம் கழிச்சு வரப்போற மஞ்சள். அந்த மஞ்சள் இன்னும் மண்ணுக்குள்ள கிடக்கும், இல்லைன்னா வேகவே வச்சிருக்க மாட்டோம். அதுக்கு மும்பையில விலை ஏறும், இறங்கும். இதைத்தான் பத்திரிகையில முன்பேர வர்த்தகம்னு எழுதறாங்க. எங்க பக்கம் "ஆன்லைன் வியாபாரம்"னு சொல்லிடுவாங்க. சங்கக்காரங்க ஊக வணிகம்னு சொல்லிக் கொடி பிடிப்பாங்க. மூணும் ஒண்ணுதான்.

என் மக தரமணியில ஒரு கம்பெனியில வேலை. காலையில காபி குடிக்கறப்பவே போன்ல பார்த்துட்டு "அப்பா, ஏப்ரல் மஞ்சள் இருநூறு ரூபா இறங்கிருக்குங்கப்பா"ங்கறா. நான் "நம்ம மஞ்சள் இன்னும் காட்டுல கிடக்குது கண்ணு, அதுக்கு ஒண்ணும் தெரியாது"ன்னேன். சிரிச்சா. ஆனா அந்த இருநூறு ரூபா மத்தியானத்துக்குள்ள ஈரோட்டுக்குப் போயிரும். சீட்டு எழுதற வியாபாரி கையிலயும் அதே போன்தான் இருக்குது.

விலைங்கறது ரகசியமா இருந்த காலம் ரொம்ப நாளைக்கு முந்தினது இல்லை. ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையை நீங்க பார்த்திருந்தா தெரியும். வியாழக்கிழமை சந்தை. கேரளாவுல இருந்தும் கர்நாடகாவுல இருந்தும் ஆளுங்க வருவாங்க. அங்க விலை வாயில பேசறது கிடையாது. தரகர் தோள்ல கிடக்கற துண்டை எடுத்து, வாங்கறவர் கை மேல போட்டு, உள்ளே விரலைப் பிடிச்சு விலை சொல்லுவார். இத்தனை விரல் பிடிச்சா இத்தனை, அமுக்கினா இத்தனைன்னு கணக்கு. அப்புறம் விக்கறவர்கிட்ட போவார், அங்கயும் துண்டு, அங்கயும் விரல். பக்கத்துல நிக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. சொல்லப்போனா ரெண்டு பக்கத்துக்கும் தரகர் ஒரே விலையைத்தான் சொன்னாரான்னு ரெண்டு பேருக்கும் தெரியாது. எங்க அப்பாரு காலத்துல அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கும் கண்ணபுரம் தேருக்கும் மாடு பிடிக்கப் போறப்ப, மாடு பார்க்கத் தெரிஞ்ச ஆளைவிட விரல் படிக்கத் தெரிஞ்ச ஆளைத்தான் கூட்டிட்டுப் போவாங்களாம். இன்னைக்கும் அந்தத் துண்டு முழுசா ஒழியலை. தேர்தல் வந்தா மட்டும் சந்தை படுத்துக்கும். 50,000 ரூபாய்க்கு மேல கையில கொண்டு போனா பறக்கும் படை பிடிச்சுக்கும். ஒரு நல்ல கறவை மாடே அதைத் தாண்டுது.

ஆனா விளையறதுக்கு முன்னாடியே விலை பேசறது நமக்கு ஒண்ணும் புதுசு இல்லை. மாந்தோப்பைப் பூவுலயே குத்தகைக்கு விடறோம். புளியமரத்தைப் பிஞ்சுலயே பேசி முடிக்கறோம். காத்துல பூ கொட்டினா நஷ்டம் குத்தகைக்காரனுக்கு, காய் கொத்துக் கொத்தா தொங்கினா லாபமும் அவனுக்குத்தான். பணம் முன்னாடியே கையில வருது, ராத்திரி மழை பெஞ்சா நமக்குத் தூக்கம் கெடாது. முன்பேர வர்த்தகத்தோட வேர் இதுதான். இதுல சூது ஒண்ணுமில்லை. ஒருத்தன் பயத்தை இன்னொருத்தன் காசுக்கு வாங்கிக்கறான், அவ்வளவுதான். அந்தக் குத்தகைச் சீட்டை ஒருத்தன் இன்னொருத்தனுக்கு வித்து, அவன் மூணாவது ஆளுக்கு வித்து, தோப்பைப் பார்க்காத ஆளுங்க நூறு பேர் ஒரே நாள்ல அதைக் கைமாத்தினா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. அங்கதான் கதை ஆரம்பிக்குது.

இதை முதல்ல ஒழுங்கா நடத்தினவன் ஜப்பான்காரன். ஒசாகா நகரத்துல தோஜிமான்னு ஒரு இடம். பெரிய பெரிய ஜமீனோட வரி நெல்லெல்லாம் அங்க கிடங்குல வந்து சேரும். கிடங்குச் சீட்டை வாங்கி விக்கறதுல தொடங்கி, வரப்போற அரிசியை வாங்கி விக்கற அளவுக்குப் போச்சு. 1730-ல அரசாங்கமே அதை ஒத்துக்கிட்டது. தந்தியே இல்லாத காலம். அன்னைக்கு அரிசி விலையை வெளியூருக்குச் சொல்ல மலைக்கு மலை ஆள் நிறுத்திக் கொடி ஆட்டுவாங்களாம். ஒரு மலையில ஆட்டற கொடியை அடுத்த மலையில இருக்கறவன் பார்த்து ஆட்டுவான். இப்படிச் சில நிமிஷத்துல விலை பக்கத்து ஊருக்குப் போயிரும். என் மக போனைப் பார்க்கறப்ப எனக்கு அந்தக் கொடிதான் ஞாபகம் வருது.

அமெரிக்காவுல சிகாகோவில 1848-ல தானிய வியாபாரிங்க சேர்ந்து ஒரு சந்தை ஆரம்பிச்சாங்க. கோதுமை, மக்காச்சோளம். 1898-ல அதே ஊர்ல வெண்ணெய்க்கும் முட்டைக்கும் தனியா ஒரு சந்தை வந்துச்சு. முட்டைக்கு முன்பேரம்! அந்த முட்டைச் சந்தைதான் பின்னாடி பேர் மாறி உலகத்துலயே பெரிய சந்தைகள்ல ஒண்ணாச்சு. 1961-ல உறைய வச்ச பன்றி இறைச்சி, 1964-ல உயிர் மாடு. உயிருள்ள ஒரு ஜீவனை அஞ்சு மாசம் கழிச்சு இந்த விலைக்குக் கொடுக்கறேன்னு எழுதி விக்கறது அப்பத்தான் ஆரம்பம். அதுவரைக்கும் கிடங்குல அடுக்கி வைக்கக்கூடிய பொருளுக்குத்தான் இது சரிப்படும்னு நினைச்சிருந்தாங்க. மாட்டை அடுக்கி வைக்க முடியுமா? தீனி போடணும், எடை கூடும், எடை கூடிட்டா விலை குறையும். ஆனாலும் நடந்துச்சு. நம்ம நாட்டுல மாட்டுக்கு இந்த வியாபாரம் வரவே இல்லை. இங்க துண்டுதான்.

அமெரிக்கக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்சது வெங்காயக் கதை. 1955-ல ரெண்டு வியாபாரிங்க சேர்ந்து சிகாகோவுக்கு வந்த வெங்காயத்தைப் பெரும்பகுதி வாங்கிக் கிடங்குல போட்டுட்டாங்க. முதல்ல விலையை ஏத்தினாங்க. அப்புறம் விலை இறங்கும்னு எதிர்ப்பக்கம் பந்தயம் கட்டிட்டு, கிடங்குல இருந்ததை மொத்தமா சந்தையில கொட்டினாங்க. 1956 மார்ச்சுல 50 பவுண்டு மூட்டை, அதாவது நம்ம கணக்குல 23 கிலோ போல, வெறும் 10 சென்ட்டுக்கு வந்துச்சு. உள்ளே இருக்கற வெங்காயத்தைவிட சாக்கு விலை அதிகம். விவசாயிங்க கொதிச்சு எழுந்தாங்க. 1958-ல அமெரிக்க நாடாளுமன்றம் வெங்காய முன்பேரத்தையே தடை பண்ணிச் சட்டம் போட்டது. சந்தையே தெய்வம்னு சொல்ற அந்த நாட்டுல அந்தத் தடை இன்னும் இருக்குது.

நம்ம நாட்டுக் கதை பருத்தியில ஆரம்பிக்குது. 1861-ல இருந்து 1865 வரைக்கும் அமெரிக்காவுல உள்நாட்டுச் சண்டை. அங்க இருந்து இங்கிலாந்து மில்லுகளுக்குப் பருத்தி போறது நின்னு போச்சு. நம்ம பருத்திக்கு வந்தது யோகம். பம்பாயில பணம் கொட்டுச்சு. நம்ம பக்கம் திருநெல்வேலிச் சீமைப் பருத்தி தூத்துக்குடி வழியாக் கப்பல் ஏறும். கரிசல் காட்டுல பருத்தி எடுக்கற பொம்பளையோட கூலி லிவர்பூல்ல தீர்மானமான காலம் அது. சண்டை முடிஞ்ச வருஷமே விலை விழுந்து, பம்பாயில பெரிய பெரிய ஆளுங்க திவால். பத்து வருஷம் கழிச்சு 1875-ல பம்பாய் பருத்தி வியாபாரச் சங்கம் வந்தது. இந்தியாவுல முறையான முன்பேர வர்த்தகம் அங்க இருந்துதான்னு கணக்கு.

அடுத்த வருஷமே நம்ம பக்கம் தாது வருஷப் பஞ்சம். 1876-ல இருந்து 78 வரைக்கும். ரயில் வந்துருச்சு, தந்தி வந்துருச்சு. ஒரு ஊர்ல தானிய விலை ஏறினா சேதி எல்லா ஊருக்கும் போயிரும், எல்லா ஊர்லயும் சேர்ந்து ஏறும். சென்னைக் கடற்கரையில தானிய மூட்டை மலை மாதிரி அடுக்கி, சுத்தி காவல் போட்டிருந்தாங்க. உள்ளே சனங்க சாகறாங்க. அப்ப சென்னைக்குக் கவர்னரா இருந்த பக்கிங்ஹாம் பிரபு, அரசாங்கமே தானியம் வாங்கி இருப்பு வச்சா நல்லதுன்னு நினைச்சார், வாங்கவும் செஞ்சார். வைஸ்ராய் லிட்டன் அரசாங்கம் அதைக் கண்டிச்சது. தனியார் வியாபாரத்துல கை வைக்கக்கூடாதாம், விலையே தானியத்தைத் தேவையான ஊருக்குக் கொண்டு போயிருமாம். விலை தானியத்தைக் காசு இருக்கற ஊருக்குத்தான் கொண்டு போகும். பசி இருக்கற ஊரை விலைக்கு அடையாளம் தெரியாது. சென்னையில பக்கிங்ஹாம் கால்வாய் ஓரமா ரயில்ல போறவங்க அந்தப் பேரைக் கேட்டிருப்பீங்க. அதே பிரபுதான். பஞ்ச நிவாரண வேலையா அந்தக் கால்வாயில வெட்டின பகுதிக்கு அவர் பேர் வந்தது.

விவசாயியை வியாபாரிகிட்ட இருந்து காப்பாத்தணும்ங்கற யோசனை அரசாங்கத்துக்கு ரொம்பத் தாமதமா வந்தது. 1928-ல ராயல் விவசாய கமிஷன் சொல்லிச்சு, 1933-ல சென்னை மாகாணத்துல சட்டம் வந்துச்சு, 1936-ல திருப்பூர்ல பருத்திக்கு முதல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் திறந்தாங்க. சரியான தராசு, சீட்டு ஏலம், அன்னைக்கு விலை பலகையில. துண்டுக்கடியில இருந்த விலை முதல் தடவையா சுவத்துக்கு வந்தது அப்பத்தான். இதை யாரும் பெருசா எழுதறது இல்லை. என் கணக்குல பசுமைப் புரட்சிக்கு ஒரு படி குறைஞ்சது இல்லை அந்தப் பலகை.

முன்பேரத்துக்குச் சுதந்திரத்துக்கு அப்புறம் 1952-ல தனிச் சட்டம் போட்டாங்க. அறுபதுகள்ல வறட்சி, சண்டை, விலைவாசி. ஒவ்வொண்ணா தடை பண்ணிட்டே வந்து கடைசியில மிளகு, மஞ்சள் மாதிரி சில்லறைப் பொருளுக்கு மட்டும் விட்டு வச்சாங்க. மிளகுக்குக் கொச்சி மட்டாஞ்சேரி, மஞ்சளுக்கு மகாராஷ்டிராவுல சாங்லி. சாங்லியில மஞ்சளை மண்ணுல குழி தோண்டிப் போட்டு மூடி வருஷக்கணக்குல வச்சிருப்பாங்க. 2003-ல தடையெல்லாம் எடுத்துட்டாங்க. அந்த வருஷக் கடைசியிலயே மும்பையில ரெண்டு பெரிய கம்ப்யூட்டர் சந்தை வந்தது. அதுல ஒண்ணு என்.சி.டி.இ.எக்ஸ். அதுலதான் மஞ்சள் ஓடுது.

இனிமே சொல்றது நான் கண்ணால பார்த்தது.

2010-ல மஞ்சள் விலை கிளம்பிச்சு. அதுக்கு முந்தின ரெண்டு மூணு வருஷமா விலை இல்லாம நிறையப் பேர் மஞ்சளை விட்டுட்டாங்க, சரக்கு குறைவு. அது நிஜமான காரணம். அதோட திரையும் சேர்ந்துக்கிச்சு. ஈரோட்டுல சந்துக்குச் சந்து கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ், உள்ளே நாலு கம்ப்யூட்டர். மஞ்சள் செடியையே பார்க்காத பையனுங்க மஞ்சள் வாங்கி வித்தாங்க. டீக்கடையில "இன்னைக்கு எவ்வளவு?"ன்னு கேட்டா கிரிக்கெட் இல்லை, மஞ்சள். அந்த வருஷக் கடைசியில குவிண்டால் 16,000 ரூபாயைத் தாண்டிச்சு. சரித்திரத்துல இல்லாத விலை. மஞ்சள் வித்த காசுல எங்க பக்கம் எத்தனை வீட்டுக்கு டைல்ஸ் ஒட்டினாங்கன்னு எண்ணிச் சொல்லலாம்.

எங்க பெரியப்பா அப்ப 30 குவிண்டால் பழைய சரக்கு கிடங்குல வச்சிருந்தார். அன்னைக்கு வித்திருந்தா 4,80,000 ரூபா. திரையில வர்ற மாச விலை இன்னும் அதிகமா ஓடிட்டு இருந்தது. படிச்சவங்களே இருபதாயிரம் போகும்னாங்க. அவரும் காத்திருந்தார். அவரு வீட்டுல பேத்திக்குக் கல்யாணம் பேசியிருந்தது, அதுக்குத்தான் அந்த மஞ்சள். 2011-ல ஊரெல்லாம் மஞ்சள் நட்டாங்க. கரும்பை அழிச்சு நட்டாங்க, வாழையை விட்டு நட்டாங்க, ஆந்திராவுலயும் அப்படித்தான். விலை இறங்க ஆரம்பிச்சு இறங்கிட்டே இருந்தது. 2012-ல நாலாயிரம் போல வந்துருச்சு. பெரியப்பா வித்தது 4,200-க்கு. 1,26,000 ரூபா. அதுலயும் கிடங்கு வாடகையும் ஈட்டுக்கடன் வட்டியும் போக மிச்சம் என்னன்னு அவர் கடைசி வரைக்கும் யார்கிட்டயும் சொல்லலை. கல்யாணம் நடந்தது. தோட்டத்துல கிணத்துக்கு மேற்கால இருந்த ஒரு ஏக்கரா அதுக்கப்புறம் எங்களோடது இல்லை.

இதை முன்பேர வியாபாரம் பண்ணிச்சா? முழுசா அப்படிச் சொல்ல மாட்டேன். சரக்கு இல்லைன்னு ஏறிச்சு, சரக்கு குவிஞ்சதும் இறங்கிச்சு. அது எந்தக் காலத்துலயும் நடக்கறதுதான். திரை என்ன பண்ணிச்சுன்னா, ஏறறதை இன்னும் கொஞ்சம் ஏறும்னு நம்ப வச்சுது. ஒரு வியாபாரி வாயால சொல்லியிருந்தா பெரியப்பா நம்பியிருக்க மாட்டார். நம்பரா ஓடுச்சு பாருங்க, அதை நம்பினார். 2007-ல மத்திய அரசாங்கம் துவரைக்கும் உளுந்துக்கும் அரிசிக்கும் கோதுமைக்கும் முன்பேரத்தைத் தடை பண்ணினப்ப, இதனாலதான் விலைவாசி ஏறுதான்னு பார்க்க அபிஜித் சென் தலைமையில ஒரு குழு போட்டாங்க. அவங்களும் 2008-ல, இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல ஆதாரம் பத்தலைன்னு சொல்லிட்டாங்க. ஆனாலும் அரசாங்கத்துக்கு விலைவாசி ஏறினா முதல்ல கை போற சுவிட்ச் இதுதான். 2021 டிசம்பர்ல நெல், கோதுமை, கொண்டைக்கடலை, கடுகு, சோயா, பாமாயில், பாசிப்பயறுன்னு ஏழுக்கும் நிறுத்தினாங்க. ஒரு வருஷத்துக்குன்னு சொல்லிட்டு அப்புறம் நீட்டிச்சாங்க. விலை ஏறினா நிறுத்தறாங்க. 2012-ல மஞ்சள் விழுந்தப்ப யாரும் எதையும் நிறுத்தலை.

இந்தச் சந்தை விவசாயிக்குக் காப்பு, நீங்களும் வந்து பயன்படுத்திக்கோங்கன்னு கூட்டம் போட்டுச் சொல்லுவாங்க. நானும் ரெண்டு கூட்டத்துக்குப் போயிருக்கேன். மத்தியானச் சாப்பாடு நல்லா இருந்தது. அவங்க சொல்றது பொய்யில்லை. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்க. தை மாசத்துல, அறுவடைக்கு முன்னாடி, ஏப்ரல் மஞ்சள் 8,000-ன்னு ஓடுதுன்னு வச்சுக்குவோம். அந்த விலை நமக்குக் கட்டும். திரையில 8,000-க்கு வித்துடறோம். ஏப்ரல்ல விலை 6,000 ஆயிருச்சு. ஈரோட்டு ஏலத்துல நமக்கு 6,000 கிடைக்கும். திரையில 8,000-க்கு வித்ததை 6,000-க்குத் திருப்பி வாங்கி முடிச்சா 2,000 லாபம். மொத்தம் 8,000. விலை ஏறி 10,000 ஆனாலும் அதே மாதிரி, ஏலத்துல 10,000, திரையில 2,000 நஷ்டம், கையில 8,000. ராத்திரி நிம்மதியாத் தூங்கலாம். மாந்தோப்புக் குத்தகை மாதிரியேதான்.

சிக்கல் எங்கன்னா, ஒரு லாட்டுக்கு 5 டன், அதாவது 50 குவிண்டால். நல்லா விளைஞ்சா ஏக்கருக்குக் காய்ஞ்ச மஞ்சள் 20, 25 குவிண்டால். ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் மஞ்சள் போடறவன் உள்ளேயே போக முடியாது. போனாலும் அந்தச் சந்தைக்கு அடிப்படை ஊர் தெலங்கானாவுல இருக்கற நிஜாமாபாத். நம்ம மஞ்சளுக்கும் அவங்க மஞ்சளுக்கும் விலை எப்பவும் சேர்ந்தே நடக்கும்னு சொல்ல முடியாது. இதைவிடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருக்குது. திரையில தினமும் சாயங்காலம் கணக்கு முடிப்பாங்க. 8,000-க்கு வித்திருக்கோம், மாசியில 9,000 ஆயிருச்சுன்னா, குவிண்டாலுக்கு 1,000 வீதம் 50,000 ரூபா நாம உடனே கட்டணும். முன்பணம் கட்டினது தனி. ஏப்ரல்ல மஞ்சள் வித்தா அந்தக் காசு திரும்பிரும், வாஸ்தவம். ஆனா மாசியில நம்ம கையில என்ன இருக்கும்? மஞ்சள் வெட்டற ஆளுக்குக் கூலி கொடுக்கவே நகை பேங்குல இருக்கும். கட்டலைன்னா கணக்கை முடிச்சு விட்டுருவாங்க. அப்ப காப்பும் போச்சு, நஷ்டமும் மிச்சம். விவசாயிக்கு வருஷத்துக்கு ஒரு தடவை காசு வருது. சந்தை தினமும் காசு கேட்குது. இதுதான் ஒட்டாத இடம்.

கோழிப்பண்ணைக்காரங்க கதை வேற மாதிரி. எழுபதுகள்லயும் எண்பதுகளோட ஆரம்பத்துலயும் முட்டை விலையை வியாபாரி வச்சதுதான் விலை. முட்டையை எத்தனை நாள் வச்சிருக்க முடியும்? 1982-ல பி.வி.ராவ்ங்கறவர் முன்னாடி நின்னு தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை ஆரம்பிச்சார். பண்ணைக்காரங்களே உட்கார்ந்து விலை அறிவிக்கறது. நாமக்கல் முட்டை விலை அஞ்சு காசு ஏறிச்சு, பத்து காசு இறங்கிச்சுன்னு பேப்பர்ல பார்க்கறீங்களே, அது இதுதான். சிகாகோவில முட்டைக்குப் பந்தயம் கட்டின மாதிரி இல்லாம, இங்க கூட்டம் போட்டு விலை வச்சாங்க. அதுலயும் வியாபாரி விடலை. அறிவிச்ச விலையில இருந்து இத்தனை காசு "மைனஸ்"னு கழிச்சுத்தான் எடுப்பாங்க. பேப்பர்ல ஒரு விலை, லாரியில ஒரு விலை. பல்லடத்துக் கறிக்கோழியில இன்னும் வேடிக்கை. தினமும் விலை அறிவிப்பாங்க, ஆனா வளர்க்கற விவசாயிக்கும் அந்த விலைக்கும் சம்பந்தமில்லை. குஞ்சும் தீனியும் கம்பெனியோடது, இவருக்குக் கிலோவுக்கு இத்தனைன்னு வளர்ப்புக் கூலி. ஆடி மாசம் கறி விலை இறங்கினாலும் இவருக்கு அதேதான், தீபாவளிக்கு ஏறினாலும் அதேதான். இது நல்லதா கெட்டதான்னு எங்க ஊர் டீக்கடையில இன்னும் முடிவாகலை.

தரமணிக்கு வர்றேன். சாயங்காலம் நான் நடக்கப் போற இன்ஸ்டிட்யூஷனல் ஏரியாவுல எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இருக்குது. மரம் சூழ்ந்த அமைதியான கட்டிடம். 1987-ல அவருக்குக் கிடைச்ச முதல் உலக உணவுப் பரிசுப் பணத்தைக் கொண்டு 1988-ல ஆரம்பிச்சது. அந்தப் பக்கம் டைடல் பார்க் வர்றதுக்கு முன்னாடியே, 1998-ல, அங்க இருந்து புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்களுக்குக் கம்ப்யூட்டர் கொண்டு போனாங்க. வில்லியனூர் மையம். அங்க இருந்து சுத்து வட்டாரக் கிராமங்களுக்கு, போன் லைன் சரியில்லாததால வயர்லெஸ் ரேடியோ வழியா சேதி. கரண்ட் போகும்னு சூரிய ஒளித் தகடு. முதல்ல போய் "உங்களுக்கு என்ன தெரியணும்?"னு சனங்களைக் கேட்டிருக்காங்க. சனங்க கேட்டதுல முக்கியமான ஒண்ணு விலை. உரம் எங்க என்ன விலை, நெல்லு எங்க என்ன விலை.

நடத்தினது பெரும்பாலும் ஊர்ப் பொம்பளைங்க. பெரிய படிப்பெல்லாம் இல்லை. எம்பலத்துல கோயில் இடத்துல மையம். சாதி பார்க்காம எல்லாரும் உள்ளே வரலாம்னா மட்டும்தான் மையம்ங்கறது நிறுவனம் வச்ச நிபந்தனை. வீராம்பட்டினம் மீனவக் கிராமத்துல, அமெரிக்கக் கடற்படை போடற அலை உயரக் கணக்கைக் கம்ப்யூட்டர்ல எடுத்து, தமிழ்ல ஒலிபெருக்கியில சொல்லுவாங்க. மலைக்கு மலை கொடி ஆட்டின கதை சொன்னேனே, அதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசமில்லை. யாருக்காக ஆட்டறாங்கங்கறதுதான் வித்தியாசம்.

விலை தெரியறது எவ்வளவு பெரிய விஷயம்னு கேட்டா, வட கேரளாவுல மத்தி மீன் பிடிக்கறவங்களைப் பத்தி ராபர்ட் ஜென்சன்ங்கற பொருளாதார அறிஞர் பண்ணின ஆராய்ச்சியைச் சொல்லுவேன். 1997-ல இருந்து 2001 வரைக்கும் பார்த்திருக்கார். செல்போன் வர்றதுக்கு முன்னாடி ஒரு கரையில வாங்க ஆள் இல்லாம மீனைத் திரும்பக் கடல்ல கொட்டுவாங்க, பதினஞ்சு கிலோமீட்டருக்குள்ள இன்னொரு கரையில மீன் கிடைக்காம வியாபாரி வெறுங்கூடையோட திரும்புவான். பிடிச்சதுல நூத்துக்கு 5-ல இருந்து 8 வரைக்கும் வீண். போன் வந்தப்புறம் கடல்ல இருந்தே விலை கேட்டுட்டுக் கரை சேர்ந்தாங்க. வீண் போறது நின்னு போச்சு. மீனவனுக்கு லாபம் 8 சதவீதம் கூடிச்சு, வாங்கறவங்களுக்கு விலை 4 சதவீதம் குறைஞ்சது. ரெண்டு பக்கத்துக்கும் நல்லது நடந்த கணக்கு ரொம்ப அபூர்வம், அதனாலதான் இது ஞாபகத்துல நிக்குது. கவனிச்சீங்களா, அவங்களுக்குத் தேவைப்பட்டது இன்னைக்கு விலை. நாளைக்கு விலை இல்லை.

மஞ்சளுக்கு இன்னைக்கு விலை இப்ப எல்லாருக்கும் தெரியும். போன்ல வருது, வாட்ஸப்ல வருது, இ-நாம் வந்தப்புறம் வெளியூர் ஏலமும் தெரியுது. 2019-ல ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. 2024-ல விலை மறுபடி 15,000-ஐத் தாண்டிச்சு. மறுபடி ஊர்ல அந்தப் பழைய காய்ச்சல், மறுபடி கிடங்குல மூட்டை. 2025 பொங்கலன்னைக்கு நிஜாமாபாத்துல தேசிய மஞ்சள் வாரியம் திறந்தாங்க. குறைந்தபட்ச ஆதார விலை மட்டும் மஞ்சளுக்கு இல்லை. சுவாமிநாதன் தலைமையில போட்ட விவசாயிகள் கமிஷன் செலவுக்கு மேல பாதி சேர்த்து விலை கொடுன்னு 2006-ல சொன்னது. அது ஆதார விலை இருக்கற பயிருக்கே இன்னும் சண்டையில இருக்குது.

எங்க ஊர்ல இப்ப உழவர் உற்பத்தியாளர் குழு ஒண்ணு ஓடுது. இந்த வருஷம் நாப்பது பேரோட மஞ்சளை ஒண்ணாச் சேர்த்தா பத்து லாட் வரும், அதுல ரெண்டு லாட்டை மட்டும் திரையில வித்து வச்சுக்கலாமான்னு ஒரு பேச்சு. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, வேண்டவே வேண்டாம்ங்கறார். அவருக்கு அந்தக் கிணத்து மேற்கால ஏக்கராதான் கண்ணு முன்னாடி. "அண்ணா, அன்னைக்கு பெரியப்பா திரையில வித்திருந்தா காப்பாத்தியிருக்கும், திரையைப் பார்த்துட்டு விக்காம இருந்ததுதான் கெடுத்தது"ன்னு சொல்லிப் பார்த்தேன். "வெலை ஏறிச்சுன்னா மாசியில தெனமும் காசு கட்டறது யாருடா?"ன்னு ஒரே கேள்வி கேட்டார். குழுவுக்குக் கடன் கொடுக்கற பேங்கு அந்தத் தினக் கட்டணத்துக்கும் சேர்த்து வரம்பு கொடுத்தா யோசிக்கலாம்னு முடிவு. பேங்குக்குக் கடிதம் எழுதியிருக்கோம். வர்ற திங்கக்கிழமை ஊருக்குப் போறேன், புதன்கிழமை கூட்டம்.